ஐந்து மில்லிமீட்டர் எழுத்து

என் வீட்டுக்காரர் பொய் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். போன மாசம் ஒரு புதன்கிழமை அந்தப் பெருமையில் மண் விழுந்தது.

அவர் பஸ் கண்டக்டர். பார்வை மங்கிப்போய் வேலையை விட்டவர். மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் பார்த்த ஆட்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பக்க வடிவமைப்புதான் என் தொழில், முன்னறையில்தான் கம்ப்யூட்டர். அன்றன்றைக்கு அடித்ததைச் சாயங்காலம் வாசித்துக் காட்டுவேன், அவர் திருத்துவார், எங்களுக்குள் சண்டை வரும். இப்படியே ஒரு வருஷத்தில் புத்தகம் முடிந்தது. அவருக்கு ஒரே ஆசைதான்.

"நான் சொன்னத நானே படிக்கணும். நீ படிச்சு நான் கேட்டது போதும்."

பார்வை இனி கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் பழைய பத்திரிகைகளை மேசையில் பரப்பி, தலைப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். தெரிந்ததிலேயே சின்ன எழுத்தின்மேல் விரலை வைத்தார். நான் ஸ்கேலால் அளந்தேன். ஐந்து மில்லிமீட்டர்.

"அதுக்குக் கீழ போனா எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கு" என்றார்.

எனக்கா கணக்கு வராது? அச்செழுத்தை அளக்கும் பாயிண்ட் ஒன்று 0.353 மில்லிமீட்டர். ஐந்தை அதால் வகுத்தால் பதினான்கு சொச்சம். பதினான்கு பாயிண்டில் அறுபத்துநான்கு பக்கம் கச்சிதமாக அமைத்து, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலேயே அச்செடுத்த ஒரு பிரதியை இவர் கையில் கொடுத்தேன்.

தாளை முகத்தருகே வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்தார். அப்போதுதான் அந்த வரி வந்தது: 'மறந்த குடைக்காக அந்த அம்மா அடுத்த நிறுத்தம்வரை ஓடியே வந்தார்.'

"நிறுத்துங்க. அந்த வரி எங்க இருக்கு?"

"இதோ, இங்கதான்."

"அங்க இல்லீங்க. ஒத்த வரி அடுத்த பக்கத்துக்குப் போய்த் தொங்குச்சுன்னு நேத்தே வெட்டிட்டேன்."

"என்னைக் கேக்காம ஏன் வெட்டின?"

"பேச்ச மாத்தாதீங்க. ஒரு எழுத்தாவது தெரியுதா உங்களுக்கு?"

தாளை மடியில் வைத்துவிட்டார். "கறுப்பா ஏதோ இருக்கறது தெரியுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"அஞ்சுன்னு அளந்த. நீ அளந்தா தப்பாதே. என் கண்ணுதான் இன்னும் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ வேற அவ்ளோ சந்தோஷமா நின்னுட்டிருந்த."

கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஸ்கேலை வெடுக்கென்று எடுத்து, அச்சான 'க'வை அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். பாயிண்ட் கணக்கு எழுத்தின் உயரமே இல்லை. மேலே ஏறும் சுழிக்கும் கீழே இறங்கும் காலுக்கும் விடும் இடத்தையும் சேர்த்த கணக்கு. இருபது வருஷமாக இதில் சோறு தின்கிறேன், வாடிக்கையாளருக்கெல்லாம் இதை விளக்கியிருக்கிறேன். சொந்தப் புருஷனுக்குச் செய்யும்போது அறிவு எங்கே போனதோ. கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐந்து மில்லிமீட்டர் வர வேண்டுமென்றால் இருபத்தாறு பாயிண்ட் வைக்க வேண்டும்.

உடனே அச்சகக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, மெஷின்ல ஏத்தாதீங்க. எழுத்து அளவு தப்பு. மறுபடி பண்ணித் தர்றேன்."

"இப்ப எத்தனை பக்கம் வரும்மா?"

"இருநூத்தி இருபத்தி நாலு."

"புத்தகத்தோட முதுகு அகலமாகும், அட்டையும் மாத்தணும். யாருக்கும்மா அவ்ளோ பெரிய எழுத்து?"

"எழுதினவருக்கு."

"சரி, நிறுத்திடறேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி அமைத்தேன். இந்த முறை நானும் ஒரு வேலை செய்தேன். முதல் பக்கத்தில் முன்னுரை என்று நானே நாலு வரி எழுதினேன். அதை அவரிடம் வாசித்துக் காட்டவில்லை. காதில் விழாததை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாதல்லவா.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கையில் வைத்தேன்.

"இந்த... மனிதர்..." என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, தடுமாறித் தடுமாறிப் படித்தார். "இந்த மனிதர் பேச ஆரம்பித்தால்... எனக்கு எரிச்சல் வரும். அவர் பேசாத நாளில்... எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இதை நேரில் சொல்ல... எனக்கு வாய் வரவில்லை."

கடைசி வரியில் விரல் அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ உள்ள போ" என்றார். "நான் இன்னொரு தடவ படிக்கணும்."

நான் எழுந்து போனேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் போகச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.