சத்தம் வராத பெட்டி

டிவியோடு இணைத்துப் படம் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று தனசேகரன் வீட்டில் நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கழற்றிக் கிளமெண்டியில் இருக்கும் மைத்துனன் ஷங்கருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வேலை முடிந்து வந்த மனைவி ரஞ்சிதத்துக்கு, சீரியல் பார்க்க உட்கார்ந்தபோதுதான் பெட்டி போன விவரம் தெரிந்தது.

"ஏங்க, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதெல்லாம் ரெடிமேட் லா. யார் வேணும்னாலும் வாங்கலாம். நான் சொந்தமா ஒண்ணு கட்டப்போறேன்."

கட்டுவது என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. செம்பவாங் தமிழ் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் 'இல்லந்தோறும் கணினி: அஞ்சாமல் அணுகுவோம்' என்ற தலைப்பில் அவர் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது. தலைப்பும் அவருடையது, பேச்சாளராகத் தன் பெயரை முன்மொழிந்ததும் அவரே. நகரத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் அவருக்குப் பெரிய பதவி. விளக்கு எரியவில்லை என்றால் ஒருவரைக் கூப்பிடுவார், தண்ணீர் ஒழுகினால் இன்னொருவரைக் கூப்பிடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட அவர் கை தொட்டதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று எத்தனையோ திருகாணிகளைப் பார்த்திருக்கிறார். அந்த அனுபவம் போதும் என்று நினைத்தார்.

மறுநாள் ரோச்சோர் பக்கம் ஒரு கணினிக் கடையில் போய் நின்றார். சாப்பாட்டு டப்பா அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. பேர்போன் என்றார் கடைக்காரர். வெளிக்கூடும் அடிப்படைப் பலகையும் மட்டும் இருக்கும், மெமரியும் டிஸ்க்கும் உள்ளே இருக்காது, தெரியும்தானே அங்கிள் என்று கேட்டார். தெரியும் என்று தனசேகரன் அவசரமாகத் தலையாட்டினார். தெரியாது. கேட்டது பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதி புரியவில்லை.

வீட்டில் டிவியோடு இணைத்து அழுத்தினார். ஒரு சின்ன விளக்கு மூன்று முறை கண் சிமிட்டியது. திரை கறுப்பாகவே இருந்தது. முதலில் கேபிளைக் குற்றம் சொன்னார். அப்புறம் டிவியை. கடைசியில், இந்த அடுக்குமாடி புளோக்கில் வரும் மின்சாரமே சரியில்லை என்றார். ரஞ்சிதம் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் படித்தாள்.

"மெமரி தனியா வாங்கணும்னு போட்டிருக்கே."

"அது வெளிநாட்டுக்குப் போற பெட்டிக்கு எழுதுறது லா."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரோச்சோர் போனார். மெமரி வேண்டும் என்றார், எந்த அளவு என்று கேட்டபோது பெரியதாகக் கொடுங்கள் என்றார். பெரிய கணினிக்குப் போடும் நீளக் குச்சி வந்தது. பெட்டியே அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பலகையில் உறுத்தும் ஒரு பாகத்தை அறுத்தால் என்ன என்றுகூட யோசித்தார். செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறையாகக் கடைக்குப் போனபோது கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினிக்குப் போடும் குட்டிக் குச்சியையும் இயங்குதளம் ஏற்றிய ஒரு டிஸ்க்கையும் எடுத்து மேசையில் வைத்துப் புன்னகைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது தனசேகரனுக்கு.

அந்தக் குட்டிக் குச்சி பொருந்தியது. ஆனால் விளக்கு மறுபடியும் மூன்று முறைதான் சிமிட்டியது. ரஞ்சிதம் எட்டிப் பார்த்து, கட்டைவிரலால் குச்சியின் தலையில் ஒரு அழுத்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் டக் என்று கொக்கி விழுந்தது. திரையில் நீல வெளிச்சம் வந்தது.

"நான்தான் லூசா வச்சிருந்தேன். ஹீட் ஆகக்கூடாதுன்னு" என்றார் தனசேகரன்.

படம் வந்துவிட்டது. பெட்டியின் முன் தன்னைத்தானே படம் எடுத்து, 'என் கையால் கட்டியது' என்று வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எழுபது பேர் உள்ள குழு. முப்பத்தொரு கட்டைவிரல்கள் வந்தன. ஒவ்வொன்றையும் திறந்து யாருடையது என்று பார்த்தார்.

சத்தம்தான் வரவில்லை.

டிவியின் ஒலி தனக்குப் பிடிக்காது என்று வெளி ஸ்பீக்கர் ஒன்றை அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். சிராங்கூன் சாலைக் கடையில் தீபாவளி விற்பனையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ரஞ்சிதமும் பக்கத்து வீட்டு ஷபானாவும் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்ட உருண்டை ஸ்பீக்கர். கம்பி வேண்டாம், புளூடூத்தில் வேலை செய்யும். பெட்டியின் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது. அழுத்தினார். 'இணைக்கப்பட்டது' என்று திரை சொன்னது. திரையே சொன்ன பிறகு ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்க்க அவருக்கு என்ன அவசியம்?

சோதிப்பதற்கு ஏதாவது ஒலி வேண்டுமே. பாட்டுப் போட்டு நேரத்தை வீணாக்குவானேன் என்று தன் பேச்சையே கைபேசியில் பதிவுசெய்து பெட்டியில் ஏற்றினார். ஒரே கல்யாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்ட மாதிரி. ஒத்திகையும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று. ரஞ்சிதம் தான் வேலை செய்யும் பாலிகிளினிக்கிலிருந்து வருவதற்கு முன், தினமும் ஏழு மணிக்கு, பேச்சை ஓடவிட்டு ஒலியளவை நூறுக்குக் கொண்டுபோனார். திரையில் கோடுகள் துள்ளின. காதுக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை. சத்தம் வராவிட்டாலும் கோடுகளின் துள்ளலை வைத்தே, இந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று கணித்துக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒருமுறை மின்தூக்கியில் பக்கத்து வீட்டு ஷபானாவின் கணவர் ஒலி முகம்மதுவைப் பார்த்தார். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை. தோளில் மஞ்சள் மேலங்கி.

"பேச்சு முடிவாயிடுச்சா அண்ணே? இல்ல, இன்னும் ஏதாச்சும் மாத்துவீங்களா?"

தன் பேச்சின் புகழ் புளோக் முழுக்கப் பரவிவிட்டது என்று தனசேகரனுக்குப் பூரிப்பு.

"ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன் தம்பி."

"அப்படியா" என்றார் ஒலி முகம்மது. தரைத்தளம் வந்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. சமூக மன்றத்தின் இரண்டாவது மாடி, நாற்பது நாற்காலிகள், பின்பக்கம் கறிபாப் பலகாரத் தட்டு. வட்டத்தின் தலைவி கவிப்ரியா, பள்ளி ஆசிரியை. "தம் கையாலேயே கணினி கட்டிய நம் தனசேகரன் அவர்கள்" என்று அறிமுகம் செய்தார். மன்றத்தின் திரையோடு இணைத்த கறுப்புப் பெட்டி, உருண்டை ஸ்பீக்கரோடு மேசைமேல் இருந்தது, அதற்குத் தனசேகரன் ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஒலி முகம்மது, இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் ஷபானா. அதற்குப் பக்கத்தில் ரஞ்சிதம், தான் அழைத்துவந்த விருந்தாளிகளைப் பெருமையோடு காட்டிக் கையசைத்தாள்.

அந்த மூவரில் இருவரை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ஆரம்பித்தார். மின்விளக்கைக் கண்டு மிரண்ட முன்னோர் பற்றிச் சொன்னார். அதற்கு அடுத்த பகுதி வந்ததும் தண்ணீர் குடித்தார். இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"ஆகவே, அன்பர்களே, இணையம் என்பது..."

ஒலி முகம்மது கையைத் தூக்கினார்.

"அண்ணே, மன்னிக்கணும். ஒரு பகுதி விட்டுப்போச்சு."

"எது தம்பி?"

"பக்கத்து வீட்டு நண்பர் பகுதி. முன்னோர் முடிஞ்சதும் அதுதானே வரும்?"

சபை திரும்பிப் பார்த்தது. தனசேகரன் தாளைப் பார்த்தார். ஒலி முகம்மது எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனசேகரனின் அதே ஏற்ற இறக்கத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

"'என் பக்கத்து வீட்டில் நண்பர் ஒருவர் இருக்கிறார். விமான நிலையத்தில் சரக்கு தூக்குபவர். பெயரிலேயே ஒலி இருக்கிறது. பாவம், வீட்டில் ஒரு வானொலியைக்கூட ஒழுங்காக இயக்கத் தெரியாது. இத்தகைய எளியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே நம் போன்றோரின் கடமை.' இங்க ஒரு நிமிஷம் நிறுத்துவீங்க அண்ணே. கைதட்டுக்கு."

ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ கறிபாப்பை வாயில் வைத்தபடி கடிக்காமல் நின்றார்.

"இவர்தான் அந்த எளியவர்" என்றாள் ஷபானா, உட்கார்ந்தபடியே.

"உனக்கு எப்படி..." என்று தனசேகரன் ஒலி முகம்மதுவைப் பார்த்து இழுத்தார்.

"எங்க கிச்சன்ல தினம் ஏழு மணிக்கு வரும் அண்ணே. முதல் நாள் ரேடியோன்னு நெனச்சோம். ரெண்டாவது நாள் உங்க குரல் தெரிஞ்சுது. ரெண்டு வீட்லயும் ஒரே ஸ்பீக்கர், ஒரே பேரு. யார் கூப்பிட்டாலும் ஒட்டிக்கிற ரகம். உங்க பெட்டி எங்க ஸ்பீக்கரப் புடிச்சுக்கிச்சு. உங்களோடத நீங்க ஆன் பண்ணவே இல்லைன்னு நெனைக்கிறேன்."

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்னுதான் கிளம்பினேன். அப்பத்தான் அந்தப் பகுதி வந்துச்சு. சரி, நாளைக்கு எடுத்துருவாரு, நாளான்னிக்கு எடுத்துருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். நீங்க எடுக்கல. சத்தத்த மட்டும்தான் கூட்டினீங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கவிப்ரியா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவனைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வா என்று எழுதியிருந்தது.

"இன்னொண்ணு" என்றார் ஒலி முகம்மது. "நான் சரக்கு தூக்கல. தூக்கினாலும் அது நல்ல வேலதான். எந்த விமானத்துல எவ்வளவு எடை, எந்த இடத்துல வைக்கணும்னு கணினில போட்டுப் பாத்துச் சொல்றது என் வேல. அது தப்பாப் போனா விமானம் கிளம்பாது."

அப்புறம் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, அப்படியானால் தன் வீட்டுச் சத்தமும் வேறு எங்காவது கேட்குமா என்று கவலையோடு கேட்டார். ஒலி முகம்மது மேசைக்குப் போனார். சத்தம் எங்கே போகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து காட்டினார். வேண்டாத பெயரை எப்படி நீக்குவது, ஸ்பீக்கரின் அடியில் இருக்கும் பொத்தானை எங்கே தேடுவது, எல்லாம் நாலே நிமிடம். பெரியம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பெட்டியின் சத்தம் முதல்முறையாக அந்த ஸ்பீக்கரில் வந்தது. அடுத்த மாதமும் வந்து பேச முடியுமா என்று கவிப்ரியா ஒலி முகம்மதுவிடம் அங்கேயே கேட்டுவிட்டார். தனசேகரனின் பேச்சில் மீதி ஒன்பது தாள் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் பேருந்திலேயே அவர் சரிசெய்யும் வேலையில் இறங்கினார். 'புளூடூத் பாதுகாப்பு குறித்து இன்று நானும் நண்பர் ஒலி முகம்மதும் திட்டமிட்டு நடத்திய நேரடிச் செயல்விளக்கம் பெரும் வெற்றி' என்று குழுவில் எழுதினார். எழுதிவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்து, ஜன்னல் வழியாகச் செம்பவாங்கைப் பார்த்தபடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் தன் கைபேசியை எடுத்துப் படித்தாள். பதில் எழுதினாள். 'திட்டம் ஒன்றும் இல்லை. இவருக்குத் தெரியாது. ரஞ்சிதம்.'

இந்தமுறை நாற்பத்தெட்டு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

"மானத்த வாங்கிட்டியே!"

"நீங்க அவங்க மானத்த வாங்கினதுக்கு என்ன செய்யப்போறீங்க? நாளைக்கு நானும் ஷபானாவும் ஒரே லிஃப்ட்ல போகணும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்து வீட்டு இரும்புக் கதவின் முன் போய் நின்றார். கையில் டேக்கா சந்தையில் வாங்கிய ஒரு டப்பா இனிப்பு. ஷபானா மரக்கதவை மட்டும் திறந்தாள். இரும்புக் கதவு பூட்டியே இருந்தது.

"தம்பி இல்லையாம்மா?"

"ஷிஃப்ட். சொல்லுங்க."

"அது... அந்தப் பகுதி... ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க. தப்புத்தான்."

ஷபானா இனிப்பைப் பார்க்கவில்லை. "நேத்து நாற்பது பேர் இருந்தாங்க. இன்னிக்கு காரிடர்ல யாரும் இல்லாதப்ப வந்திருக்கீங்க."

அவருக்குப் புரிந்தது. கைபேசியை எடுத்து வட்டத்தின் குழுவைத் திறந்தார். இனிப்பு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். கம்பி வழியாக ஷபானா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்தார்.

"கோளாறு பெட்டியில இல்ல" என்றாள் ஷபானா.

அழித்தார். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று எழுதினார்.

"இருந்தால்-ஆ?"

அதையும் அழித்தார். வியர்த்தது. எத்தனையோ மேடைக்கு எழுதிய கைக்கு இரண்டு வரி வரமாட்டேன் என்றது. எதிர்வீட்டுப் பெண்மணி காய்ந்த துணியை எடுக்க வந்து, இவரைப் பார்த்துவிட்டு ஒரே துணியை மூன்று முறை மடித்தார். கடைசியில் அவர் எழுதியது இதுதான்: 'ஒலி முகம்மது செய்யும் வேலை என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்காமலே கேவலமாகப் பேசினேன். மன்னிக்கவும்.'

நேற்றுக் கூட்டம் முடிந்ததும் கவிப்ரியா ஷபானாவையும் குழுவில் சேர்த்திருந்தார். அவள் தன் கைபேசியில் அது வந்து விழும்வரை காத்திருந்து, ஒருமுறை படித்தாள்.

"அவர் வந்ததும் சொல்றேன்" என்று கம்பி வழியே கையை நீட்டி இனிப்பை வாங்கிக்கொண்டாள். மரக்கதவு சாத்திக்கொண்டது.

தனசேகரன் அங்கேயே நின்று கைபேசியைப் பார்த்தார். குழுவில் இன்னும் யாரும் ஒன்றும் போடவில்லை. கைபேசியை அணைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். கூடத்தில் ரஞ்சிதம் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல சத்தமாக.