உறை பிரிக்காத வெள்ளி

வெர்லின் ட்ரெம்பாத் முப்பது வெள்ளிக்கட்டிகளைக் கொண்டுவந்து, வெள்ளி வாங்கி விற்கும் என் கடை மேசையில் இறக்கியபோது, அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருந்தது. எல்லாம் இணையத்தில் ஒரே ஆளிடம் இரண்டு வருடமாக வாங்கிச் சேர்த்தவை. ஒவ்வொன்றும் பத்து அவுன்ஸ். ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரித்ததில்லை.

வெள்ளி சேர்ப்பவர்கள் யாருமே பிரிக்க மாட்டார்கள். உறை கிழிந்தால் விலை இறங்கிவிடும் என்பது அவர்களுக்கு வேதவாக்கு. எங்கள் வாலஸ் ஊரே வெள்ளிச் சுரங்கத்தை நம்பிச் சாப்பிட்ட ஊர். வெர்லினே முப்பத்தெட்டு வருடம் மலைக்குள் இறங்கி ஏறியவர். ஆனால் அங்கே அவர் பார்த்ததெல்லாம் கறுத்த கல்லைத்தான். பளபளக்கும் கட்டியைப் பார்த்து எடைபோட அவருக்கு என்ன தெரியும்? இதை ஊரில் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துக்க, ரோண்டா. குளியலறையில கைப்பிடி வைக்கணும், வாசல்ல சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை, பகல்ல ஒரு நர்ஸ். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள்ள அடேல் வீட்டுக்கு வந்துடணும்."

அடேல் அவர் மனைவி. பக்கவாதம் வந்து ஸ்போகேன் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பதினான்கு மாதமாக இருக்கிறார்.

"பிரிக்கணுமே," என்றேன். "உருக்குற இடத்துக்கு அனுப்பணும். உறையோட வாங்க மாட்டாங்க."

"பிரி, பிரி. மலையையே பிரிச்சவன், பிளாஸ்டிக்குக்கா அழப்போறேன்?"

முதல் கட்டியைப் பிரித்தேன். எடை சரியாக இருந்தது. சாய்த்துப் பிடித்துக் காந்தத்தை விட்டேன். மெதுவாக வழுக்கி இறங்கியது. வெள்ளியில் அப்படித்தான் இறங்கும். செம்பிலும் அப்படித்தான் இறங்கும். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, கட்டியை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முக்கினேன். கட்டி விலக்கும் தண்ணீரின் எடையை மட்டும் தராசு காட்டும். இந்த எடைக்கு நல்ல வெள்ளியானால் தராசில் முப்பது கிராமுக்குமேல் ஏறக்கூடாது. முப்பத்துநாலரையில் நின்றது.

இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் முப்பத்துநாலரை. மூன்றாவதை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே சிவப்பு.

"செம்பு," என்றார் வெர்லின். அவர் குரலில் ஒன்றுமே இல்லை.

முப்பதையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றுகூடத் தேறவில்லை.

அவர் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்தார். உறையோடு இருந்தது. "இது ஒண்ணு தப்பிச்சது. முதமுதல்ல வாங்கினது, நீதான் பார்த்துச் சொன்ன. திருட்டுப்பய, நல்லதைக் காட்டி ஆளைப் புடிச்சிருக்கான். உன்மேல தப்பில்ல பொண்ணே. இதை அடேல் கையில குடுத்துடறேன்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. உறையைத் தொடாதே என்று அவர் சொன்னார். எனக்கும் தொட மனம் வரவில்லை. உறையோடு எடைபோட்டேன், காந்தத்தை விட்டேன், அவர் கொண்டுவந்த டோனட்டைத் தின்றுகொண்டே, "சுத்த வெள்ளி, கண்ண மூடிட்டு வாங்குங்க," என்றேன். ஐந்து நிமிட வேலை. அந்த வாயை நம்பித்தான் மீதி முப்பதையும் வாங்கினார்.

இப்போது தப்பிக்க அவரே கதவைத் திறந்துவிட்டார். பேசாமல் இருந்தால் போதும். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. இரண்டையும்விட, அந்தக் கதவு வழியாகப் போய்விடும் ஆசை பெரிதாக இருந்தது.

"அதையும் குடுங்க, வெர்லின்."

"இது வேண்டாம்."

"அன்னைக்கு நான் ஒழுங்காப் பாக்கலை. தண்ணியில முக்கலை. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

அவர் தன் பேனாக்கத்தியை எடுத்து, தானே உறையைக் கீறினார். நூலையும் தானே கட்டி, தண்ணீரில் இறக்கினார்.

முப்பத்துநாலரை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"தினம் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவேன். எப்போ கூட்டிட்டுப் போறேன்னு கேப்பா. பதினாலு மாசமா நான்தான் பதில் சொன்னேன்." கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "இன்னைக்கு நீ சொல்லு."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"வெ...லின்?" குழறிய குரலில் அத்தனை ஆவல். "தச்சன் வந்தாச்சா?"

"ரோண்டா பேசறேன், அடேல்," என்றேன்.

வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்பதற்காக என் எதிரே உட்கார்ந்தார்.