சாகாத சபாபதி

பக்கிரிசாமிக்குக் கடிகாரத்தில் நம்பிக்கை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் அவர் வைத்திருந்த வீடியோ கேம் கடையில் அதனால்தான் மணிக்கணக்கு இல்லை. மற்ற கடைகளில் அரை மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நேரம் வைத்தால் தகராறு வரும், முள்ளைத் திருகிவிடுகிற கைகளும் வரும். செத்தவன் செத்தான் என்றால் அதில் பேச்சே இல்லை, திரையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே கடைக்கு ஒரே சட்டம்: காசைப் போடு, உட்கார், உன் ஆள் செத்ததும் எழுந்து பின்னால் நிற்பவனுக்கு இடம் விடு.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. மூன்று டிவி, மூன்று கேம் பெட்டி, பெட்டிக்கு இரண்டு கன்ட்ரோல். ரயில்வே வேலையை விட்டு வந்தபோது கையில் இருந்ததையெல்லாம் கொட்டி வாங்கியது. கேசட் எல்லாம் எங்கிருந்தோ வந்த காப்பிச் சரக்கு; திரையில் ஜப்பான் எழுத்து புழு மாதிரி நெளியும். யாருக்கும் படிக்கத் தெரியாது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. தொப்பி போட்ட ஒரு குள்ளன் நண்டுகளைத் தாண்டித் தாண்டி ஓடுவான். தாண்டத் தெரியாதவன் செத்தான், கடை ஓடியது.

சபாபதி வந்த பிறகுதான் கோளாறு. அவன் அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு நேரே கடைக்கு வருவான். ஒரு காசு போடுவான், உட்காருவான். விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டான். நண்டு கடித்தாலும் அவன் குள்ளன் சாகவில்லை, பள்ளத்தில் விழுந்தாலும் எழுந்து நடந்தான்.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செலாயாங் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் லோரிக்காரன் பாலன் வாய்விட்டே சொன்னான்.

"என்னாண்ணே, இவன் சாகவே மாட்டானா? கிள்ளான்ல புதுசா ஒரு கடை தொறந்திருக்காங்க. நாங்க அங்க போறோம் லா."

சொன்னபடி இரண்டு பேர் போயும் விட்டார்கள். இருப்பதே மூன்று டிவி. ஒன்றில் ஒருத்தன் குடியேறிவிட்டால் கடை எத்தனை நாளைக்கு நிற்கும்?

பக்கிரிசாமி அதே கேமுக்கு வேறு கேசட் போட்டார். நாற்காலியை மாற்றினார். பெட்டியைத் திருப்பி அடியில் தட்டிப் பார்த்தார். சபாபதியின் பின்னால் நின்று அவன் கையிலிருந்த கன்ட்ரோலையே முறைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் சும்மா கிடந்த இரண்டாவது கன்ட்ரோலை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் சபாபதி ஆட்டம் தொடங்குமுன் அதை இரண்டு கையாலும் எடுத்து, முகத்தருகே கொண்டுபோய், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். படித்த பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று பக்கிரிசாமிக்கு மனசு இளகிவிட்டது. அப்பன் சொன்னாலும் நம்பாத மனுஷன் இந்த ஒன்றை நம்பினார். மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். பாலன் பயபக்தியாக ஒற்றிக்கொண்டு உட்கார்ந்து, மூன்றாவது நண்டிலேயே செத்தான்.

அந்த வருடம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. கடைக்குக் கடை, லோரிக்கு லோரி சந்தனமும் குங்குமமும். பக்கத்துப் பூக்கடை வீரம்மா ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து டிவி, பெட்டி, கன்ட்ரோல் என்று எதையும் விடாமல் அப்பினாள். அவளுக்குத் தாராளக் கை. பட்டனெல்லாம் மூடிப்போனதில் பக்கிரிசாமிக்கு எரிச்சல்தான். சாமி காரியம் என்று விட்டுவிட்டார்.

மத்தியானம் சபாபதி வந்தான், வழக்கம்போல ஒற்றிக்கொண்டான், உட்கார்ந்தான். ஆடுகிற கன்ட்ரோலை அவன் தொடுமுன்னே, கிண்ணத்தை எடுக்க வந்த வீரம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அண்ணே, கண்ணுல ஒத்திக்கிட்டா மூஞ்சியிலதானே சந்தனம் ஒட்டணும்? இவருக்குக் கட்டை வெரல்ல ஒட்டியிருக்கு."

பக்கிரிசாமி இரண்டாவது கன்ட்ரோலை எடுத்துப் பார்த்தார். நாலைந்து பட்டன் மட்டும் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. சபாபதியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"ஒங்க ஊட்ல கட்டை வெரலாலதான் சாமி கும்புடுவாங்களா?"

சபாபதி உண்மையைக் கக்கிவிட்டான். ஷா ஆலமில் ஜப்பான்காரன் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவன் மச்சான் சொல்லிக் கொடுத்ததாம். கேம் செய்தவர்கள் தாங்கள் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு கொல்லைக் கதவு வைத்திருந்தார்கள், அடைக்காமலே போய்விட்டார்கள். இரண்டாவது கன்ட்ரோலில் வரிசை தவறாமல் அமுக்கினால் தனியாக ஒரு திரை வரும்; அதுவும் ஜப்பான் எழுத்து என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதில் ஒரு வரியை மாற்றிவிட்டால் ஆள் சாகமாட்டான்.

வாய் வார்த்தையைப் பக்கிரிசாமி எப்போது நம்பினார்? சாட்சி வேண்டும் என்றார். கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, அவனை மெதுவாகச் செய்துகாட்டச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை, மறுபடியும் காட்டச் சொன்னார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. இவ்வளவு ஒழுங்காக அவர்கள் நின்றதைப் பார்த்தபோதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று டிவியிலும் ஒருவனும் சாகவில்லை. காலையில் உட்கார்ந்த பாலன் காலை நீட்டி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடியே ஆடினான். வரிசை தெருவரைக்கும் நின்றது. காசு டப்பா காலியாக இருந்தது.

"திருடனப் புடிச்சி டியூஷன் கிளாஸ் வச்சிட்டீங்களே, அண்ணே," என்றாள் வீரம்மா.

பக்கிரிசாமி வாசலில் உட்கார்ந்து யோசித்தார். இரண்டாவது கன்ட்ரோலைக் கழற்றிவிடலாம். ஆனால் இரண்டு பேர் சண்டை போடும் கேமுக்கு அது வேண்டும். பக்கத்தில் நின்று காவல் காக்கலாம், டிவி மூன்று, ஆள் ஒருத்தர். கூலிக்கு ஆள் வைத்தால் முதலில் அவனைக் காவல் காக்க வேண்டும். யாரைத்தான் நம்புவது? அப்போது வரிசையில் முதலாவதாக நின்ற ஆளின் முகம் கண்ணில் பட்டது. பாலன் எப்போது சாவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான் அவன்.

பக்கிரிசாமி எழுந்தார். மூன்று பெட்டியையும் அணைத்தார். கத்தலைக் காதில் வாங்கவில்லை.

"இனிமே ரெண்டாவது கன்ட்ரோல் அடுத்து ஒக்காரப்போறவன் கையில. சேந்து ஆடறதா இருந்தா, ஆட்டம் ஆரம்பிச்ச பொறவுதான் குடுக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

அன்றைக்கே ஆட்கள் பொத்துப் பொத்தென்று சாக ஆரம்பித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சபாபதி வரமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தான். அவனுக்கு அடுத்து நின்ற பாலன், இரண்டாவது கன்ட்ரோலைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டான். சபாபதியின் குள்ளன் நாலு எட்டு ஓடினான், முதல் நண்டிலேயே செத்தான். இத்தனை நாள் உட்கார்ந்தவனுக்குத் தாண்டவே தெரியவில்லை. கடையே கைதட்டியது.

"எந்திரி லா, கிராணி. போயிட்ட நீ," என்றான் பாலன்.

சபாபதியும் சிரித்துவிட்டான். எழுந்து பாலனுக்கு இடம் விட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். அதற்குள் பாலன் செத்து வரிசையின் வாலில் நின்றான்; சபாபதி அவனுக்குப் பின்னால் போய் நின்றான். மற்றவர்கள் செத்து, பாலன் மறுபடியும் உட்கார்ந்தபோது சபாபதி முதல் ஆளாக நின்றான். இரண்டாவது கன்ட்ரோல் அவன் கைக்கு வந்தது. பக்கிரிசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் விரல்களையே பார்த்தார்.

பாலன் கண்ணடித்து, ஒரே ஒரு நிமிஷம் அதைத் தரும்படி குழைந்தான். சபாபதி கன்ட்ரோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"மொதல்ல சாவுங்கண்ணே. எவ்வளவு நேரமா நிக்கிறேன்."