செவ்வாய்க்கிழமை போன்

...தலையணையை மடியில் வைத்துக்கொள்வதா, மேலே கம்பியில் செருகுவதா, செருகினால் மந்தைவெளித் திருப்பத்தில் யார் தலையிலாவது விழும், மடியில் வைத்துக்கொண்டாலோ ஆஸ்பத்திரியில் யாரையோ பறிகொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவளின் முகம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, பக்கத்து சீட்டு அம்மாள் ஏற்கெனவே இரண்டு தரம் பரிதாபமாகப் பார்த்தாயிற்று, வாய் திறந்து கேட்டே விட்டால் என்ன சொல்வது, யாருக்கும் ஒன்றுமில்லைங்க, இது ஆராய்ச்சித் தலையணை என்றா... வஜீஹாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. முன்பென்றால் இதை வீட்டுக்குப் போய் பெற்ற அம்மியிடம் சொல்லலாம். அம்மி பாதி கேட்பாள், பாதியில் தூங்கிப்போவாள், அது வேறு விஷயம், சொல்ல ஆள் இருந்தது. போன ரம்ஜானுக்கு முன்னால் அம்மி கண்ணை மூடியதிலிருந்து கச்சேரி ரோட்டுப் பின்சந்து வீட்டில் டிவி ரிமோட்கூட வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கிறது, யாரும் தொலைப்பதில்லை, யாரும் தேடுவதில்லை. பெருங்குடியில் இருக்கும் தம்பி காஷிஃப், எங்களோடயே வந்துடேன் ஆபா என்று ஒருமுறை சொன்னான். ஒருமுறைதான் சொன்னான்.

தீசிஸ் முடியட்டும் என்றாள். ஆறு வருஷமாக அவளுக்கு எதற்கும் அதுதான் பதில். கல்யாணப் பேச்சுக்கு, பல் வலிக்கு, ஒழுகுகிற குழாய்க்கு, எல்லாவற்றுக்கும் தீசிஸ் முடியட்டும். நர்ஸிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே செய்கிற பிஎச்.டி. பக்கவாதம் வந்து படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படிச் சாய்த்து உட்காரவைத்து ஊட்டுவது என்று கூட இருந்து சொல்லிக்கொடுத்தால் என்ன மாறும் என்பதுதான் கேள்வி. முப்பது வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இன்னொரு முப்பது வீடுகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாள். சொல்லிக்கொடுக்காமல் இருப்பதும் வேலைதான், அதைத்தான் சரியாகச் செய்ய வேண்டும் என்பார் கைடு மேடம், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டாமா. அந்த முப்பது வீட்டுக்கும் வாரம் ஒரு போன், நான்கே கேள்வி. சாப்பிட்டாரா, தூங்கினாரா, உட்காரவைத்தீர்களா, உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா. பதிலைக் குறித்துக்கொண்டு வைத்துவிட வேண்டும், ஆலோசனை கூடாது, ரொம்பக் கேட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லலாம். மூன்று மாசம் கழித்து நேரில் போய்ப் பரிசோதித்து முடித்த பிறகு அவர்களுக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், அது நியாயத்துக்காக வைத்த விதி, அதற்காகத்தான் இந்தத் தலையணை. இன்றைக்கு அந்த முப்பதில் கடைசி வீடு. வேலம்மா வீடு. இது முடிந்தால் எல்லாம் முடிந்தது. முடியாவிட்டால்... கைக்காவல் என்று கூடுதலாகச் சேர்த்த வீடுகளும் பாதியில் கழன்றுகொண்டாயிற்று, இனி புது நோயாளி, புது மூன்று மாசம், அதற்குள் யூனிவர்சிட்டி கொடுத்த கெடு தாண்டிப்போகும், இன்னொரு தரம் நீட்டிக்க மாட்டார்கள் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். முடியாவிட்டால் ஆறு வருஷமும் காற்றோடு போகும்.

பஸ் அடையாறு பாலம் ஏறியது. கீழே ஆற்றங்கரையில் வேலி போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் எங்கூடு இருந்திச்சு நர்சம்மா என்று வேலம்மா முதல் நாளே சொன்னாள், மொத்த ஜனத்தையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிட்டார்களாம், மகன் சேரனும் அங்கேதான், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோக முடியாது என்று இவள் மட்டும் புருஷனைத் தூக்கிக்கொண்டு ஊரூர் குப்பத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தாள். கோதண்டபாணி, ஆட்டோ ஓட்டியவர், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, ஆனால் கண் மட்டும் அப்படி ஒரு கண், வஜீஹா ரத்த அழுத்தம் பார்த்தபோது மீட்டரைப் பார்க்கிற ஆட்டோக்காரராகவே பார்த்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், இந்தத் துணி மடிப்பை இப்படி விடாதீர்கள், இடுப்புக்குக் கீழே அழுத்தும் என்று. வாய் வரைக்கும் வந்தது. கைடு மேடம் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். வஜீஹா, நீ இப்ப நர்ஸ் இல்ல, ரிசர்ச்சர்.

வேலம்மாவின் போனை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தது எப்போதிலிருந்து? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மற்றவர்களிடமெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, டீ போட்டுக்கொண்டு, பிறகுதான் இந்த நம்பர். நான்கு கேள்வி முடிந்த பிறகும் வேலம்மா வைக்க மாட்டாள். சங்கரா மீன் வந்த கதை, மாடிவீட்டுக்காரி குழாயைப் பூட்டின கதை, பின்னாலேயே யாரோ யாரையோ ஏசுகிற சத்தம். வஜீஹா ஒன்றும் கேட்பதில்லை, கேட்கத்தான் கூடாதே, காதைக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் எந்த விதியிலும் இல்லையே... கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், டீ ஆறிப்போகும். யாரைத்தான் ஏமாற்றுகிறோம், அந்த வாரத்தில் அவள் வீட்டுக்குள் கேட்ட ஒரே பேச்சுக்குரல் அதுவாகத்தான் இருக்கும்.

நடுவில் ஒரு வாரம் மட்டும் வேலம்மா கதை எதுவும் சொல்லவில்லை. "நர்சம்மா, இடுப்பாண்ட லேசா செவந்தாப்ல கீது. இன்னா பண்றது?" என்று கேட்டாள். வஜீஹாவுக்குத் தெரியும். இருபது வருஷமாக மாணவிகளுக்கு உருப்போடவைக்கிற பாடம் அது, ஒரே ஒரு வாக்கியம், அந்தப் பக்கமே படுக்கப் போடாதீங்க, ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடுங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா என்றாள். சரி நர்சம்மா என்றாள் வேலம்மா. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை போன் போட்டால், அதெல்லாம் ஆறிப்பூச்சு நர்சம்மா, நல்லா சாப்ட்டாரு, நல்லா தூங்குறாரு என்று வேலம்மா சொல்லிவிட்டாள், வஜீஹாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் வாராவாரம் நல்ல பதில்தான். புண் இல்லை, சாய்ந்து உட்காருகிறார், கையை அசைக்கிறார். கேட்கக் கேட்க வஜீஹாவுக்கு உள்ளே என்னவோ சுருக்கென்றது. சொல்லிக்கொடுக்காத வீடே இப்படித் தேறினால் சொல்லிக்கொடுத்ததற்கு என்ன மரியாதை? வித்தியாசம் குறைந்துவிடுமே, இந்த மனிதர் இவ்வளவு நன்றாக ஆகாமல் இருந்தால் என்ன... நினைத்தாள். நினைத்தேன் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் நினைத்தாள், ஒரு படுத்த படுக்கை மனிதர் கையை அசைத்ததற்கு முகம் சுளித்தாள், இவளுக்கெல்லாம் நர்ஸ் என்று ஒரு பெயர்.

பெசன்ட் நகரில் இறங்கி, கடற்கரைச் சாலையைத் தாண்டி, வலை காயப்போட்ட இடத்தை ஒதுங்கி நடந்து சந்துக்குள் நுழைந்தாள். தலையணையைப் பார்த்து ஒரு நாய் குரைத்தது. போன வாரமே வருவதாகச் சொன்னாள், வேலம்மாதான், அவரு தூங்கறாரு அப்பால வா என்றாள், அதற்கு முந்தின வாரம் சேரன் வருகிறான் என்றாள். இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாயிற்று. கதவு திறந்தே இருந்தது, அறை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, போன தடவை கட்டிலைச் சுற்றி ஒருக்களித்துத்தானே நடந்தோம், கட்டில் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தியிருந்தது, அதன் காலில் ஒரு ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. சேரன் வந்து பெரும்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்விட்டானோ, அப்படியானால் அங்கே போக இங்கிருந்து எந்த பஸ், அடையாறு டிப்போவில் கேட்டால் சொல்வார்கள்... மனசு பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோதே மூக்கு சொல்லிவிட்டது. டெட்டால் வாடை இல்லை, மூத்திர வாடை இல்லை, பவுடர் வாடை இல்லை. படுத்த ஆள் இருக்கிற அறை இப்படிச் சுத்தமாக மணக்காது. வேலம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து இவளைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், "வந்துட்டியா? குந்து" என்றாள்.

"எப்போம்மா?"

"அது ஆச்சு நர்சம்மா. நீ ஆஸ்பத்திரில காட்டுன்னு சொன்னியே, அந்த வாரமே. காய்ச்சல் கண்டுச்சு. ரெண்டே நாளு, பூட்டாரு. உன்னாண்ட பொய்தான் சொல்லிகினு இருந்தேன். திட்டணும்னா திட்டிக்கோ."

இருபத்தொன்பது. முதலில் அதுதான் வந்தது. ஒரு மனிதர் செத்துப்போனார் என்று காதில் விழுந்ததும் மனசில் முதலில் வந்து நின்றது ஓர் எண், அதன் பின்னால்தான், வெட்கங்கெட்டு மெதுவாக, அந்தக் கண் வந்தது, மீட்டரைப் பார்த்த கண். அப்படியானால் கையை அசைத்தது யார், சாய்ந்து உட்கார்ந்தது யார், யாருடைய தேறுதலுக்கு இவள் முகம் சுளித்தாள்? உட்கார்ந்துவிட்டாள். தலையணை மடியில் இருந்தது. காய்ச்சல் எதனால் என்று கேட்க வேண்டும், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதா, இல்லை அந்தச் சிவப்பு புண்ணாகி, புண் உள்ளே போய்... கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை இனி எந்த வகுப்பில் எந்த வாயால் சொல்வது? நான்காவது கேள்வி நாக்கு நுனியிலேயே நின்றது, அவளுக்குப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. வேறு கேள்விதான் வந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

வேலம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள். "நீ அவரப் பத்திக் கேக்கத்தான போன் பண்றே. சாப்ட்டாரா, தூங்குனாரா, புண்ணு கீதா. ஒருநாளாச்சும் வேற எதனா கேட்டியா? அவரே பூட்டாருன்னா நீ இன்னாத்துக்கு பண்ணப் போறே? ஜனம் மொத்தமும் அங்க பூட்ச்சு, புள்ள எப்பனா வரான். செவ்வாக்கெழமையானா நீ ஒர்த்தி கூப்ட்டு, அவரு சாப்ட்டாரான்னு கேக்குறே. சாப்ட்டாருன்னு சொல்லுவேன். சொல்லிட்டு அப்பால நானும் குந்தி சாப்டுவேன்."

வஜீஹா எதையாவது கேட்டிருக்க வேண்டும். நீங்க எப்படி இருக்கீங்கம்மா, இப்ப வேலைக்குப் போறீங்களா, தனியா பயமா இல்லையா, எத்தனை கேள்விகள் உலகத்தில் உண்டு. பதில் வாங்குவதிலேயே ஆறு வருஷத்தை ஓட்டியவளுக்கு அந்த நேரத்தில் தாளில் இல்லாத ஒரு கேள்விகூட வரவில்லை. அம்மி போனபோது தானும் இப்படித்தான் ஒரு மாசம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாமோ, அம்மி எப்படி இருக்காங்க என்று காஷிஃபின் மனைவி நாஸியா வாரம் ஒரு போனாவது போட்டுக்கொண்டிருப்பாளே... சீ, என்ன நினைப்பு இது. தலையணையை எடுத்து வேலம்மாவிடம் நீட்டினாள், நீங்க வெச்சுக்குங்க என்று. எனக்கு இன்னாத்துக்கு என்று சொல்லிக்கொண்டே வேலம்மா வாங்கிக்கொண்டாள், உறையைத் தடவிப் பார்த்தாள், புச்சா என்றாள். வாசல் வரைக்கும் வந்து, வஜீஹா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில் சொன்னாள். "அடுத்த செவ்வாக்கெழம பண்ணுவேல்ல? வேற ஒண்ணியும் கேக்க வரலன்னா அதயே கேளு, பரவால்ல. அவரு சாப்ட்டாரான்னே கேளு."

சந்திலிருந்து வெளியேறி, வலைகளைத் தாண்டி வந்தாள், வெயில் தணிந்த கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் நாயைக் கூட்டி வந்தவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள், கை இரண்டும் காலியாக இருந்தது, எப்படி வீசி நடப்பது என்றே தெரியவில்லை. மேடத்திடம் சொல்லிவிட வேண்டும். நேரே சொல்லிவிட வேண்டும், மேடம், அந்த வீடு போச்சு, என்னோட தீசிஸும் போச்சு, அந்த அம்மா சொன்ன பதில் எல்லாமே பொய், ஆனா மேடம், நாம கேட்ட கேள்வி மட்டும் என்ன நிஜமா... இல்லை, அதெல்லாம் வேண்டாம், இறந்துட்டார் மேடம், அவ்வளவு போதும். சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இறந்துட்டார் மேடம். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது கைப்பையில் போன் அதிர்ந்தது. மேடம்தான், வேறு யார் கூப்பிடப்போகிறார்கள். "என்ன வஜீஹா, கடைசி வீடு முடிஞ்சுதா? பேஷன்ட் எப்படி இருக்கார்?"

"சாப்பிட்டார் மேடம்," என்றாள் வஜீஹா. குரல் அவளுடையதுதான், ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. "நல்லா தூங்கறார். புண் ஒண்ணும் இல்ல."

குட், திங்கட்கிழமை எல்லாத்தையும் எடுத்துட்டு வா என்று மேடம் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டுத் திருத்த ஒரு நிமிஷம் ஆகாது. கூப்பிட வேண்டும், கூப்பிடத்தான் போகிறாள், ஆனால் இதைச் சொன்னது முப்பதுக்காகவா? அப்படியிருந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்க வேண்டும், பொய் சொன்னால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும், ஒன்றும் வியர்க்கவில்லை. சொன்ன அந்த நேரத்துக்கு அவர் இருந்தார், சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் படுத்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் தெரிந்தது, பசிக்கிறது.