வீட்டுக்குப் போகும் சட்டை

விடியும் முன்பே கோடரிகள் விழத் தொடங்கிவிட்டன. பழைய பேட்டரியைப் பிளந்தால் முதலில் அமிலம் மூக்கைத் துளைக்கும். பிறகு ஈயத்தூள் முழங்கை வரை அப்பும். வெட்டியபடியே, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவள் எதிர் அறையைப் பார்த்தாள். பட்டறையின் பாலர் பள்ளி. கதவில் புதுப்பூட்டு.

டீச்சரை அவள் நம்பியதே இல்லை. வேலை முடிந்து மகளைத் தூக்கப் போனால், குளித்து உடை மாற்றி வா என்று வாசலிலேயே மறிப்பாள். பெற்றவளையே ஒதுங்கச் சொல்ல இவள் யார்? பட்டறையை மூடவைக்க யாரோ அனுப்பிய ஆள் என்றே பேச்சு. ஆனால் கொட்டகைத் தூசியில் தவழ்ந்து வளர்ந்த மூத்தவன் ஏழு வயதிலும் எழுத்துக் கூட்டத் திணறினான். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பள்ளியில் பாட்டும் கதையுமாக வளர்ந்த சின்னவளோ கேள்வி கேட்டே ஆளைக் கொன்றாள்.

முதலாளி வந்தார். மூட்டை அடுக்க அந்த அறை வேண்டுமாம். பிள்ளைகளைப் பழையபடி கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாமாம். ஈயம் கெடுதல் என்பதெல்லாம் டீச்சர் கட்டிய கதையாம். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்முன் முதலாளி ஆபீசுக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பினார். கழற்றியதை டிரைவர் பையில் கட்டினான். தினமும் நடப்பதுதான்; பணக்காரப் பவிசு என்றிருந்தாள் நெட்டை. இன்று உறுத்தியது.

"ஐயா, வீட்டுக்குப் போறப்ப ஏன் சட்டைய மாத்துறீங்க?"

"வேர்வை."

"செருப்பையும் மாத்துறீங்களே, அதுக்குமா வேர்க்குது?"

யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு உதவுவதாக நினைத்து டிரைவர் வாயைத் திறந்தான். "வீட்டுல பேரப்புள்ள இருக்குல்ல. ஓடிவந்து காலைக் கட்டிக்கும். தூசி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

கோடரிகள் நின்றன.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் நெட்டை.

"வேலையப் பாருங்கடி. வெளிய நிறையப் பேர் வேலைக்கு நிக்கிறாங்க."

அவள் கோடரியைக் கீழே வைத்தாள். ஒவ்வொருத்தியாகக் குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவி, பிள்ளைகளோடு அந்தக் கதவின் முன் உட்கார்ந்தார்கள். டீச்சரைக் கூட்டிவர ஆள் போயிற்று. "வரட்டும். இவ்வளவு தெரிஞ்சவ ஏன் எங்ககிட்ட உடைச்சுச் சொல்லலைன்னு அவகிட்டயும் கேக்கணும்," என்றாள் நெட்டை.

முதலாளி போலீசுக்குப் போன் போட்டார். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் ஈயம் உருக்கும் உலையிலிருந்து நெட்டையின் புருஷன் வந்தான், எதற்கும் பயப்படுகிறவன். கூலி போய்விடும் என்று தன்னை இழுத்துப்போக வந்தான் என்றே நினைத்தாள். பின்னாலேயே உலைக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள்.

"உலைய அணைச்சுட்டோம்," என்றான் அவன். "உள்ள ஈயம் இறுக ஆரம்பிச்சிருச்சு, முழுசா இறுகிட்டா அவருக்கு உலையே போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காரு, எங்களுக்கும் எடம் வேணும்."