சுந்தரபாண்டியத்துப் பாட்டுக்காரி

அப்பாவின் உடம்பிலிருந்து கழற்றிய சட்டையை ஜெயபாய் மடித்தபோது, பையிலிருந்து ஒரு கேசட் தரையில் விழுந்தது. அவள் குனிவதற்குள் சீனியம்மாள் அத்தை எடுத்துவிட்டாள்.

"என்னட்டி எழுதியிருக்கு?"

நீல மையில் அப்பாவின் கையெழுத்து. 'சுந்தரபாண்டியத்துப் பாட்டுக்காரி – 14.'

"பாட்டு, அத்தை."

"அவ பாட்டா? சாகுறப்பவும் நெஞ்சுல வச்சிக்கிட்டுல்லா போயிருக்கான் எந்தம்பி!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா, செல்லக்கனி, நிமிர்ந்து பார்த்தாள். அத்தை கேசட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் அந்த மில் காலனிக்கென்று ஒரு ரேடியோ இருந்தது. நடத்தியவர் அப்பா, ஐயாதுரை. 1983இல், சங்கக் கூட்டத்துக்கு வாங்கிய ஆம்ப்ளிபயர் சும்மா கிடக்கிறதே என்று மூன்று கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வயர் இழுத்தார். காலை ஐந்தரைக்கு ஒரு பாட்டு, சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் ஒரு பாட்டு. நடவு, கும்மி, தாலாட்டு என்று சுற்றுப்பட்டுப் பாட்டு மட்டும்தான். "சினிமாப் பாட்டுக்குத்தான் டவுன்ல கொட்டகை இருக்கே" என்பார்.

லீவு நாளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் பஸ் ஏறுவார். வயல் வரப்பில் உட்கார்ந்து பதிவு செய்வார். மறுநாள் பாடியவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். ஒருத்தி பெயரை மட்டும் சொன்னதில்லை; 'சுந்தரபாண்டியத்துப் பாட்டுக்காரி' என்பதோடு சரி. காலனிக்கு ரொம்பப் பிடித்த குரலும் அதுதான்.

அந்தக் குரல் இந்த வீட்டுச் சமையலறையில் பதிவானது. பம்பு ஸ்டவ்வை அணைத்து, கதவிடுக்கில் பழஞ்சேலையைத் திணிப்பது பத்து வயது ஜெயபாயின் வேலை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவாள்.

ரேடியோ தொடங்கிய புதிதில், "செல்லக்கனியும் பாடட்டுமே அக்கா" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "நம்ம வீட்டுப் பொம்பளை கொரலு கம்பத்துல ஏறுச்சுன்னா நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள் அத்தை. அப்பா தலையாட்டினார். அடுத்த வாரமே சுந்தரபாண்டியத்துப் பாட்டுக்காரி பிறந்துவிட்டாள்.

பெயர் சொல்லாததால் காலனி தானாக ஒரு கதை கட்டியது. பாட்டுக்காரி அவருடைய வைப்பு என்றார்கள். பதினொரு வருஷமாக அதே பேச்சு. ஒருநாள் ஜெயபாய் அழுதாள். "சொல்லிட்டுப் போறாக. உண்மையச் சொன்னா உங்கம்மா பாட்டு நின்னு போகும்லா" என்றார் அப்பா.

இன்று காலையும் ஐந்தரைப் பாட்டைப் போட்டிருக்கிறார். முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வாசல் பந்தலில் பெண்கள் மாற்றி மாற்றி ஒப்பாரி பாடினார்கள். அம்மாவின் உதடு பிரியவில்லை.

"பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டவரு. ஒரு வரி பாடுதாளா பாரு" என்றாள் ஒருத்தி.

"அவளுக்குப் பாட்டு வரும்னா அந்த மனுசன் எதுக்குச் சுந்தரபாண்டியத்துக்கு பஸ் ஏறுதாரு?" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்மா பாடினால் முதல் அடியிலேயே குரல் பிடிபட்டுவிடும். அத்தை மகன் தவசிமுத்துவுக்கும் ஜெயபாய்க்கும் ஆவணியில் கல்யாணம். அத்தை சொன்னதைச் செய்கிறவள்.

மூன்று மணிக்குக் கையில் மாலையுடன் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். மில்லில் புதிதாகச் சேர்ந்த பிச்சையம்மாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்றாள் அத்தை.

"சுந்தரபாண்டியம்."

அத்தை எழுந்து வழியை மறித்தாள்.

"நீதானா அது? இம்புட்டு நாள் சீரழிச்சது போதாதா? மாலையோட வேற வருதியா?"

"ஐயோ, நான் யாருன்னு நெனச்சிய? எனக்குப் பாட்டே வராது தாயி! அவரு போடுத பாட்டக் கேட்டுதான் தெனம் வேலைக்குள்ள நொழைவேன். ஒரு மாலை போட்டுட்டுப் போயிருதேன்..."

"வெளிய போட்டி!"

மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

ஜெயபாய் அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பாடு."

செல்லக்கனி மகளைப் பார்த்தாள். "ஆவணி இருக்குல்லா?"

"இருக்கட்டும். அப்பாவ இந்தப் பேச்சோட நாலு பேரு தூக்கிட்டுப் போகவேண்டாம்."

செல்லக்கனி தொண்டையைச் செருமினாள். பிறகு, பழக்கம் போல, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கம்பத்துல ஏத்தி வச்சீக, எங்கண்ணாளா,
காத்தோட அனுப்பி வச்சீக.
ஊர்ப்பேச்சு நீங்க சொமந்தீக, எங்கண்ணாளா,
எம்பேர ஒளிச்சு வச்சீக..."

முதல் அடி முடிவதற்குள் மற்ற பெண்களின் அழுகை நின்றுவிட்டது. பிச்சையம்மாள் வாசல்படியில் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டு ரோசம்மாள், "அடி பாவி... நீயாட்டி?" என்று முணுமுணுத்தாள்.

அத்தை அசையவில்லை. வெகுநேரம் செல்லக்கனியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, தம்பியின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிச்சையம்மாளிடம் போய், அவள் முகத்தைப் பார்க்காமல், "மாலையப் போடும்மா" என்றாள்.

மில் சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து தூக்குச்சட்டியோடு சைக்கிளில் வந்தவர்கள் பாட்டைக் கேட்டதும் காலை ஊன்றி நின்றார்கள். நின்றவர்கள் பந்தலைப் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து தெருமுனைக் கம்பத்தைப் பார்த்தார்கள்.

குழாயின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. பாட்டு தொடங்கியதும் எப்போதும் பறந்துவிடும் காகம். இன்று அது பறக்கவில்லை.