சீதாலெட்சுமி வீட்டு எறும்புகள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் கன்னையாவுக்குத் தொப்பை விழுந்த சேதியை ஊருக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவர் பெண்சாதி சீதாலெட்சுமிதான். ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் குழாயடியில் சொன்னாள்.

"இந்த மாசமும் கால்சட்டைத் தையலப் பிரிச்சு விட்டேங்க்கா. என்ன செய்ய, உக்காந்த வேலை!"

சாலாக் செலாத்தான் வரைக்கும் தண்டவாளத்தோடு நடந்து, ஆணி தட்டிப் பார்த்து, கருவாடாகத் திரும்பிக்கொண்டிருந்த மனுஷர், சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாகி நாற்காலி ஏறிவிட்டார். அவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது? மூட்டை எடுக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் தேத்தண்ணி சொல்வார்கள். வேண்டாமென்றால் கிராணிக்குத் தலைக்கனம் என்று பேச்சு வரும். அதற்குப் பயந்தே அவர் எல்லாவற்றையும் குடித்தார். அய்யூப் கடைத் தேத்தண்ணியிலோ இனிப்பு டின் பால் அடியில் சேறு மாதிரி படிந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் கேசரி. வருஷங்கள் இப்படியே இனித்துக்கொண்டு போயின.

பிறகு ஒரு நாள் குளிக்கிற அறைக்குப் பின்னால் எறும்பு மொய்த்தது. மண்ணெண்ணெய் ஊற்றினாள். மறுநாளும் வந்தது. சீதாலெட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியோரம் போனாள்.

"நல்லம்மாக்கா, கேசரிச் சட்டியக் கழுவி எங்க பக்கமா ஊத்துறீங்க?"

பக்கத்து வீட்டு நல்லம்மாள் சும்மா இருக்கிற ஆளா? "எங்க வீட்டுல கேசரி கிண்டி எத்தனை நாளாச்சு தாயி! நெய் வாசம் தெனமும் ஒங்க வீட்டுலேருந்துல்ல வருது?"

வீட்டு வரிசை முழுக்க அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தது. நல்லம்மாள் வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள். "வா, அது எங்கேருந்து வருதுன்னு பாத்துருவோம்."

எறும்பு வரிசை நல்லம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. குளிக்கிற அறை மூலைக்கு, கன்னையா காலையில் ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டுப் போன ஈரத்துக்கு, நேராகப் போனது.

நல்லம்மாள் வாயில் வந்த கேலியை விழுங்கினாள். கிள்ளானில் கன்னையாவின் அண்ணன் பக்கிரிசாமி கால்விரல் புண் ஆறாமலே போய்ச் சேர்ந்தது அவளுக்கும் தெரியும். அவர் வீட்டிலும் இப்படித்தான் எறும்பு.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டி" என்றாள். சொல்லவும் இல்லை. அந்த வீட்டு வரிசையில் நடந்த ஒரே அதிசயம் அதுதான்.

அன்று சாயங்காலம் சீதாலெட்சுமி கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன மாசம் இடுப்பைப் பிடித்துத் தைத்த பிறகும் அது நழுவிக்கொண்டுதான் இருந்தது. துணிதான் தளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்; தொப்பை போனதை அவள் கவனிக்கவில்லை. தண்ணிப் பானை மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது.

"ரயில்வே ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட போவோம்ங்க."

"போனா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிருவாங்க. அப்புறம் இந்த வீடு?"

"வீடு போனா ஊருக்கு வெளிய கம்பத்துல ஒரு குடிசை கட்டிக்கலாம். ஒங்க அண்ணன் போனப்புறம் கிள்ளான் அக்காவைப் போய்ப் பாத்தேன்ல. எனக்கு அந்த வெள்ளைச் சீலை வேணாம்."

கன்னையா சட்டையை மாட்டினார்.

டிரஸ்ஸர் ஜெயராஜ் நீல மருந்தில் கொஞ்சம் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது.

"செங்கல் சூளை இருந்த ஊருல குடியிருந்தா பின்ன வேற எந்த நிறம் வரும்?" என்றார் கன்னையா. யாரும் சிரிக்கவில்லை.

ஜெயராஜ் நிமிர்ந்தார். "இனிப்பு நீர் வியாதிதான். அண்ணனுக்கும் இருந்துச்சுன்னு சொன்னீங்க. நடக்கிற வேலைய விட்டீங்க. இனிப்பு விடல. வீட்டுல என்ன குடுத்தீங்கம்மா?"

சீதாலெட்சுமி 'கேசரி' என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"அவ ஆசையாக் குடுத்தா. கேட்டு வாங்கித் தின்னது நான்" என்றார் கன்னையா.

ஜெயராஜ் குரலைத் தணித்தார். "வெரட்ட முடியாது, கட்டிப்போடலாம். இனிப்ப நிறுத்துங்க, சோத்தக் கொறைங்க, பழையபடி நடங்க. வேலைக்கு லாயக்கில்லன்னு நான் எதுவும் எழுதப் போறதில்ல."

மறுநாளே கன்னையாவையும் கூட்டிக்கொண்டு அய்யூப் கடைக்கு முன்னால் சீதாலெட்சுமி வந்து நின்றாள். "அண்ணே, இவருக்கு யாரு சொன்னாலும் இனிமே கோசோங்தான். பாலு, சீனி ரெண்டும் வேணாம்."

"என்ன கிராணியாரே, நம்ம கடைப் பாலு கசக்குதா?"

"பாலு கசக்கல பாய், வீட்டுல போலீஸ் வந்துருச்சு" என்று கன்னையா கசப்பைக் குடித்து முகம் சுளித்தார்.

சாயங்காலமானால் இருவரும் தண்டவாளத்தோரம் நடக்க ஆரம்பித்தார்கள். அவள் வழக்கம்போலப் பின்னால் வந்தாள். அவர் நடையைத் தளர்த்தித் தளர்த்தி அவளைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். குழாயடி சும்மா இருக்குமா? "இந்த வயசுல ஜோடியப் பாரேன்!" என்றது. சீதாலெட்சுமி தலைகுனிந்தாள். ஆனாலும் பின்வாங்கவில்லை.

தினமும் விடிந்ததும் அவள் முதல் வேலையாகக் குளிக்கிற அறை மூலையைக் குனிந்து பார்ப்பாள். எறும்பு வரிசை மெலிந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது. ஒரு காலையில் ஒற்றை எறும்பு மட்டும் வந்து, மூலையை மோந்து பார்த்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பியது.

"நல்லம்மாக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வீட்டு வரிசையே விழித்துக்கொண்டது. "இன்னிக்கு ஒங்க வீட்டுல கேசரியா?"